நொச்சித்தழை கிடந்த பாதை

காலையில் வலப்பக்கப் பாதையில் போட்ட நொச்சித்தழை இப்போது இடப்பக்கம் கிடந்தது. சிகரத்தில் விளக்கேற்றிவிட்டு இறங்கி வந்த செல்லமுத்து, அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

கொல்லிமலையில் பாதை பிரியும் இடங்களில், முன்னால் போகிறவன் போகக்கூடாத பக்கத்தில் பச்சைத்தழை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவான். பின்னால் வருகிறவன் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். முள்ளுக்குறிச்சியிலிருந்து ஆடியில் மலையேறும் எல்லோருக்கும் இது தெரியும். பட்டணத்தில் ஜப்பான் குண்டு விழுமென்று ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த வருடம், கூட்டமெல்லாம் ஏறி இறங்கிய மறுநாளான இன்று காலையில், கால் தாங்கித் தாங்கி நடந்த அண்ணன் செங்கோடனும் அதைத்தான் நம்பி வந்தான்.

"நீ முன்னால போ கண்ணு. தழை போட்டுட்டுப் போ, பாத்துக்கிட்டே வாரேன்."

செல்லமுத்து போட்டான். சரியான பாதையில் போட்டான். இடப்பக்கம் போனால் பாறை விளிம்பு. அப்பன் விட்டுப்போன தோட்டம் பங்கில்லாமல் கைக்கு வர ஒரு கொத்துத் தழை போதாதா? அலறல் கேட்டபோது அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மேலே போய்ச் சாமிமுன் கைகூப்பவும் பாவிக்குக் கூசவில்லை.

காட்டுக்காரன் எவனோ தழையை நகர்த்தியிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இறங்கினான். இனிக் கீழே ஒற்றைப் பாதைதான். ஈரமண் வாடையோடு மூடுபனி இறங்கி, பலாமரங்களையும் அவற்றில் ஏறிய மிளகுக்கொடிகளையும் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வர, அதற்குள் எங்கோ யாரோ பச்சைக் கிளையை மெதுவாக, நார் நாராக ஒடிக்கும் சத்தம் கேட்டது.

பாதை இரண்டாகப் பிரிந்தது. காலையில் இங்கே பிரிவே இல்லை. இடப்பக்கம் நொச்சித்தழை.

வலப்பக்கம் போனான். மறுபடியும் பிரிவு. மறுபடியும் தழை. கசக்கிய இலையின் காரவாடை மூக்கில் ஏறியது. தான் போட்டது போல இதுவும் பொய்த்தழையாக இருந்தால்?

இருக்கும். அவனுக்குத் தெரியாததா?

தழையைத் தாண்டிப் போனான். வேகமாக.

காலடியில் கல் உருண்டது. விழுந்த சத்தம் வரவே இல்லை.

பாறை விளிம்பு.

"நாந்தான் தழை போட்டிருந்தேனே கண்ணு. பாக்கலியா?"

குரல் எதிரிலிருந்து வந்தது.

பனி விலகியது. விளிம்புக்கு அப்பால், தரையே இல்லாத இடத்தில், செங்கோடன் நின்றிருந்தான். தலை ஒரு தோளில் மடிந்து கிடந்தது. இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன.

செல்லமுத்து திரும்பிப் பார்த்தான். வந்த வழியெல்லாம், இரண்டு பக்கமும், இடுப்பளவு பச்சைத்தழை.

அண்ணன் நின்ற பக்கம் மட்டும்தான் தழை இல்லை.