பதினோரு மூச்சு

மூச்செண்ணியின் கணக்குப்படி கோவையில் அன்று ஒரு வீடுகூடக் காலியாக இல்லை. தெய்வானைக்கு அதை நம்பவே முடியவில்லை.

மூன்றாவது கொள்ளைநோய் வந்ததிலிருந்து ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு மூச்செண்ணி இருந்தது. காற்றில் கரியமில வாயு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடும். பதினைந்து நாள் மூச்சில்லாத வீட்டை, வாடகை கொடுக்க வழியின்றித் தெருவுக்கு வந்த குடும்பத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். ஒதுக்குகிற வேலை தெய்வானையுடையது. ஒதுக்க வீடு இருந்தால்தானே!

வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்த கல்யாண மண்டபத்து மூலையில் சேலையைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு கனகுவின் குடும்பம் கிடந்தது. மில் மூடியதும் அவளும் இரண்டு தங்கைகளும் கணவன், பிள்ளைகளோடு ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். மொத்தம் பதினோரு பேர். மண்டபத்திலும் காய்ச்சல் நுழைந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வீடு கிடைக்காவிட்டால் மூன்று ஊர் முகாம்களுக்கு அவர்களைப் பிரித்து அனுப்பிவிடுவார்கள்.

"எங்களப் பிரிச்சுப் போடாதீங்கக்கா. மாட்டுக் கொட்டாயா இருந்தாலும் சரி" என்றாள் கனகு.

புதன்கிழமை திரையில் ஒரு வீட்டின் மூச்சு வரைகோடு அவள் கண்ணில் பட்டது. இரண்டு அறைகள் கொண்ட மூன்றாம் மாடி வீடு. சாயங்காலம் இரண்டு பேர், ராத்திரி ஆறு பேர், விடிகாலை பதினோரு பேர். ஒன்பது மணிக்கு ஒருவருமில்லை. முந்தின நாட்களும் அப்படியே. வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒரு நாளாவது கூடக் குறைய இருக்க மாட்டார்களா? என்னதான் நடக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்று அவளுக்கு அரிப்பெடுத்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்கே போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவர் வீட்டுக்காரர் ரங்கநாயகம். பக்கத்துத் தெருவில் ஆறு அறை பங்களாவில் மனைவியோடு வசிப்பவர். முகக்கவசத்தில் மாவு ஒட்டியிருந்தது.

"சொந்தக்காரங்க வந்திருக்காங்க. தூங்கறாங்க."

"எழுப்ப வேண்டாங்க. சும்மா பாத்துட்டுப் போயிடறேன்."

உள்ளே ஒரு பெரிய கிரைண்டர். மூச்செண்ணிக்கு நேர் கீழே வரிசையாக ஒன்பது அண்டாக்கள். எல்லாவற்றிலும் இட்லி மாவு பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

தனியாக இருக்கும் தெய்வானையின் வீட்டுச் சுவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேர் என்று காட்டும். அன்றுதான் அவள் மாவாட்டுவாள். புளிக்கிற மாவும் மூச்சு விடும் என்பது அவளுக்கு இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று.

"பையனுக்குன்னு வாங்கிப் போட்ட வீடுங்க அம்மணி" என்றார் ரங்கநாயகம், குரல் இறங்கி. "ரெண்டு பேருன்னு காட்டினாப் போதும்னுதான் வெச்சேன். இந்தக் கத்திரி வெயில்ல அது பாட்டுக்குப் பொங்குது."

மேலிடத்துக்கு எழுதினால் விசாரணைக்கே மூன்று மாதம் ஆகும். வெள்ளிக்கிழமையோ நாளைக்கு. என்ன செய்வதென்று அவள் நின்றபோது கைப்பேசி அதிர்ந்தது. மூச்செண்ணியே ஓர் ஆணை அனுப்பியிருந்தது.

'இரண்டு அறையில் பதினோரு பேர். நோய் பரவும் நெரிசல். அதே உரிமையாளரின் ஆறு அறை வீட்டில் இருவர் மட்டுமே. இரு குடும்பங்களும் நாளைக்குள் வீடு மாறிக்கொள்ள வேண்டும்.'

அவள் அதை நீட்டினாள். ரங்கநாயகம் இரண்டு முறை படித்தார்.

"அது மாவுங்க!"

"அப்படின்னு எழுதிக் குடுங்க. அனுப்பிடறேன்."

அவர் எழுதவில்லை. மூச்செண்ணியை ஏமாற்றியவருக்கு இரண்டு வீடும் போய்விடும்.

"அண்டாவை எல்லாம் அங்க கொண்டுபோய் வெச்சுட்டா ஆகாதுங்களா?"

"வாசல்ல பதினோரு பேரு கைரேகை வெக்கோணுங்க."

"அத்தன பேருக்கு நான் எங்கீங்க போவேன்?"

"நான் கூட்டிட்டு வர்றனுங்க" என்றாள் தெய்வானை. 'குடியிருப்போர் சரிபார்க்கப்பட்டனர்' என்ற கட்டத்தைத் தொட்டாள். வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது.

வெள்ளிக்கிழமை பங்களா வாசலில் பதினோரு கைகள் ஒவ்வொன்றாகப் பதிந்தன. கடைசியாகக் கனகுவின் தங்கை மகள் கட்டை விரலை வைத்ததும் கதவு திறந்தது. கனகு உள்ளே போகாமல் நின்று அழுதாள். பெட்டிகளோடு வெளியே வந்த ரங்கநாயகம், ஆட்டோவிலிருந்த அண்டாக்களைக் காட்டி, "இதையும் எடுத்துக்குங்க" என்றார்.

"ஊருக்கே இட்லி ஊத்தலாமுங்களே!" என்றாள் கனகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் தெய்வானை அதே வரைகோடு வேறெங்கும் உண்டா என்று தேடினாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வீடுகள் வந்தன. ஓர் இயந்திரத்தை ஏமாற்ற ஊரே ரகசியமாக மாவாட்டிக்கொண்டிருந்திருக்கிறது! காலி என்று அவற்றைத் தொட முடியாது. ஆனால் வெயில் ஏற ஏற எல்லாவற்றிலும் தலைகள் நெரிசல் ஆணை வரும் அளவுக்குக் கூடிக்கொண்டிருந்தன.

மண்டபத்துப் பட்டியலில் அடுத்த குடும்பத்தில் ஏழு பேர். ஏழு பேர் என்று காட்டும் வீடு உண்டா என்று அவள் தட்டித் தேடினாள்.

கத்திரி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. பத்து நாள் போதாதே என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.