வெறுமையாகத் திரும்பாத பீங்கான்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம், பக்கத்து வளவு ஸப்னா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னதுதான் முதலில் உறுத்தியது.

"நாச்சியா ராத்தா, ஒங்கட மகள்ட ஊட்டுக்கு வந்தாக்கள் நல்ல மரியாதக்காரங்க கா. நேத்து புரியாணி குடுத்தன். பீங்கான வெறுமையா தரல்ல, ஈத்தம்பழம் வெச்சித் தந்தாங்க."

"ஆரு வந்த?"

"எனக்கென்ன தெரியும்? கதவு நீக்கலாலதான் வாங்கின. குடிவெச்சது நீங்க, என்னட்டக் கேக்கீங்க!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நாச்சியா யாரையும் குடிவைக்கவில்லை. ஒரே வளவுக்குள் மகள் நஸ்லியாவுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு அது. மகள் கணவனோடு கட்டாருக்குப் போன நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. சாவி நாச்சியாவின் இடுப்பில்.

போய்த் திறந்து பார்த்தாள். அடைபட்ட சூடு, பல்லி எச்சம், ஜன்னல் சீலையில் ஒட்டியிருந்த கடல் உப்பின் பிசுபிசுப்பு, தரையெல்லாம் தூசி. தூசியில் அவளுடைய கால்தடம் மட்டுந்தான். ஆனால் குசினிக்குள் சவர்க்கார வாசம் நின்றது, யாரோ இப்போதுதான் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு நகர்ந்த மாதிரி.

அந்தக் கிழமை முழுக்க டெலிபோனில் ஒரே செய்திதான். ஆபத்து இருக்கிறதாம், தெரியாத ஆட்களுக்கு வீடு கொடுத்திருந்தால் அறிவிக்க வேண்டுமாம். முன்பொரு சித்திரையில், வாடகை வீடொன்றில் ஒளிந்திருந்தவர்கள் குண்டு வெடிக்கவைத்த சத்தத்தில் தன் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்ததை அவள் மறக்கவில்லை. அவர்களுக்கு வீடு கொடுத்தது யார் என்று ஊரே கேட்டதையும் மறக்கவில்லை. இந்த வீடு நஸ்லியாவின் பெயரில். நஸ்லியா அடுத்த கிழமை கைக்குழந்தையோடு வருகிறாள். எயார்போட்டிலேயே பிடித்து வைத்துக்கொண்டால்?

கணவர் நளீம் வரிப்பத்தான்சேனை வயல்வாடியில், நெல்வெட்டு முடியாமல் வரமாட்டார். அழைப்பும் போகவில்லை. பொலிஸில் என்னவென்று சொல்வது? வெறும் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றா?

கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சோதித்தாள். நீலப்பூப் போட்ட பீங்கானில் பாற்சோற்றுப் புக்கை வைத்து, அந்த வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். பூனை தின்றால் சிந்தும். மனிதர் என்றால் பீங்கான் திரும்பி வரும்.

விடிந்து பார்த்தபோது பீங்கான் இல்லை. ஒரு பருக்கையும் சிந்தவில்லை.

அன்று முழுக்க அவள் திண்ணையை விட்டு நகரவில்லை. காது அந்தப் பக்கமே கிடந்தது. பைப் திறந்து மூடும் சத்தம். ஒரு பிள்ளையின் இருமல், உடனே யாரோ வாயைப் பொத்தினார்கள். பிறகு பலர் ஒன்றாக உட்கார்ந்து மெல்லும் சத்தம். மெதுவாக. அவசரமே இல்லாமல்.

பொழுது சாய, மஃரிபுக்குச் சற்று முன்னால் கேற்றடியில் ஜீப் நின்றது. வீடு வீடாகச் சோதனை. ஆமிக்காரர்கள் நாலு பேர்.

"அந்த வீடு?"

"மகள்ட, சேர்."

"ஆள் இருக்கா?"

நஸ்லியாவின் முகம் வந்து போனது.

"இல்ல சேர். அல்லாஹ்மேல ஆண. ஆருமே இல்ல."

அவளே சாவியைப் போட்டாள். பூட்டுத் திரும்பியது. கதவு அசையவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

ஆமிக்காரன் கதவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். தோளிலிருந்த துவக்கும் அவள் பக்கம் திரும்பியது.

அப்போது தாழ்ப்பாள் நகர்ந்தது. உள்ளிருந்து. மெல்ல. கதவு ஒரு சாண் நீங்கியது. இருட்டு. சவர்க்கார வாசம்.

நீலப்பூப் பீங்கான் வெளியே வந்தது. கழுவியிருந்தது. நிறைய ஈத்தம்பழம். அதைப் பல கைகள் சேர்ந்து பிடித்திருந்தன. பெரிய கைகள். வளையல் போட்ட கை. எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு கைக்குழந்தையின் விரல்கள்.

"இது தெரியாத ஆளா?" என்றான் ஆமிக்காரன்.

பீங்கான் வந்தால் வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம். வாங்கினால் தெரிந்தவர்கள் என்றாகிவிடும், வேண்டாம் என்று மனசு கத்தியது. கைகள் தாமாகவே நீண்டன.

பிடித்துவிட்டாள். பீங்கான் சுட்டது.

அந்தப் பக்கத்துக் கைகள் விடவில்லை.