அவள் பக்கத்துக் கண்ணாடி

வரலட்சுமி குடித்தவளைப் போலப் பேசினாள்.

அரைத் தூக்கத்தில் கதிர்வேலுக்கு அது தன் குரல் என்றே பட்டது. நாக்கு தடித்து, சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து விழ, அப்படிப் பேசுகிறவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். கண்ணைத் திறந்தபோது இன்னும் விடியவில்லை. ஐப்பசி மழை ஓட்டின்மேல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாத அறையில் முந்தின இரவின் பிராந்தி வாடை புளித்துக் கிடந்தது. அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"வவுறு வலிக்குதுங்க. கண்ணு... தொறக்க மாட்டீங்குதுங்க."

டார்ச்சை அடித்தான். இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இமையிடுக்கு வழியாக அவனைத் தேடினாள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவள்.

அவன் குடித்த இரவுகளில் அவள் கட்டிலில் படுப்பதில்லை. அந்த வாடை அவளுக்கு ஆகாது. முன்கூடத்தில் பாயைப் போட்டுக்கொள்வாள். டார்ச்சோடு அங்கே போய்த் தலையணையைக் காலால் தள்ளினான். அடியில் கறுப்பில் வெள்ளை வளையங்களோடு சுருண்டு கிடந்தது, அவசரமே இல்லாமல் பிரிந்து நீண்டு, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் மறைந்தது.

கட்டுவிரியன் கடித்தால் வலி தெரியாது என்பது தோட்டங்காட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலில் கண் இறங்கும். அப்புறம் நாக்கு. கடைசியில் மூச்சு. மூச்சை மிஷின் வைத்துப் பிடித்து நிறுத்திவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்ளும். அந்த மிஷினுக்கு மேட்டுப்பாளையம் போக வேண்டும். வெள்ளியங்காட்டுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் இந்தத் தோட்டத்திலிருந்து நல்ல ரோட்டிலேயே அரைமணி நேரம் ஆகும். போன் மழை பிடித்த அன்றே செத்துவிட்டது. மகள் பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருந்தாள்.

அவளைத் தூக்கிவந்து காரின் முன்சீட்டில் சாய்த்துச் சாவியைத் திருப்பினான். ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி ஒருமுறை கூவி, காத்திருந்தது.

அந்தப் பெட்டி ரங்கராஜ் செய்தது. வரலட்சுமியின் அண்ணன், கணபதியில் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் பட்டறைக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன் கதிர்வேல் போதையில் காரை வாய்க்கால் சுவரில் மோதி மகளின் கை ஒடிந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே சொன்னார்: "மாப்ள, தண்ணியில்லாம மோட்டார் ஓடுனா கருகிப்போகும்னு கட்-ஆப் வெக்கறமில்லீங்க? உங்களுக்குத் தண்ணி இருந்தா கட் ஆவற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்கறனுங்க. வேண்டாம்னா தங்கச்சியும் புள்ளையும் எங்கூட்டுக்கே வந்துரட்டும்." யாரும் சிரிக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து சென்சார் வரவழைத்துப் பொருத்தினார். பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய். அதில் ஊதினால் உள்ளே சீட்டி மாதிரி மெல்லிய சத்தம் வரும். மூச்சு சுத்தமாக இருந்தால் பச்சை விளக்கு, வண்டி கிளம்பும். சாராயம் இருந்தால் சிவப்பு. பெட்டி கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். கிளம்பிய பிறகு வழியில் குடித்தால்? அதையும் அவர் விடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டி கூவும். ஊதாவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். ஒயரைப் பிடுங்கினாலும் அதே கதைதான்.

மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று அவர் நம்பினார். கல்யாணம், காதுகுத்து என்று போன இடங்களிலிருந்து திரும்பும்போதெல்லாம் குழாயில் ஊதியது தன் தங்கை என்பது அவருக்குத் தெரியாது. "எங்கண்ணன் முன்னால நீங்க தலை குனியக் கூடாதுங்க" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு எதுவும் சொன்னதில்லை. ஊதுவாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இரண்டு வருஷமாக அந்தக் கார் அவள் மூச்சில்தான் ஓடியது.

சத்தம் கேட்டுத் தோட்டத்து ஆள் காளிச்சாமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏனுங்க பண்ணாடி, இந்நேரத்துல?"

"அம்மாவப் பாம்பு கடிச்சிருச்சு. ஏறு. இந்தக் கொழாய்ல ஊது."

காளிச்சாமி குழாயைப் பார்த்தான். "நா ஊதுனாச் செவப்புத்தானுங்க வரும். ராத்திரி மிச்சத்த நீங்கதானுங்க எனக்குக் குடுத்தீங்க."

"உம் பொண்டாட்டி கருப்பாத்தா எங்க?"

"மக ஊட்டுக்குப் போயிருக்குதுங்க."

"சைக்கிளெடுத்துட்டு ஊருக்குள்ள ஓடு. எவன்கிட்ட வண்டி இருந்தாலும் எழுப்பி எம் பின்னால அனுப்பு."

காளிச்சாமி இருட்டுக்குள் ஓடினான். கதிர்வேல் திரும்பியபோது வரலட்சுமி கண்ணை மூடிக்கொண்டே கையால் துழாவிக் குழாயை எடுத்து வாயில் வைத்திருந்தாள், பழக்கத்தில். சீட்டி ஒலித்தது. பச்சை. முந்தானையைத் தேடிய கை பாதியிலேயே மடியில் விழுந்தது.

வண்டி கிளம்பியது. பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ரோடு செந்நீராக ஓடிக்கொண்டிருந்தது. தவளைகள் இருபுறமும் இரைந்தன. வைப்பர் கிறீச்சிட்டுப் போய்ப் போய் வந்தது. மழைக்கு ஜன்னல்களை ஏற்றிவிட்டதால் இருவர் மூச்சும் முன்கண்ணாடியில் படிந்து வெளுத்தது. துண்டால் தன் பக்கத்தைத் துடைத்தான், எட்டி அவள் பக்கத்தையும் துடைத்தான். கொஞ்ச தூரத்தில் இரண்டும் மறுபடி வெளுத்தன. துடைக்கத் துடைக்க அவள் பக்கம் ஆவி படிவதைப் பார்ப்பது அவனுக்குத் தெம்பாக இருந்தது.

பெட்டி கூவியது.

அவளால் உதட்டைக் குவிக்க முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, குழாயைச் சுற்றி அவள் உதடுகளைத் தன் விரல்களால் சேர்த்துப் பிடித்தான். ஈரமான, பலமில்லாத உதடுகள். சீட்டி விட்டுவிட்டு வந்தது. வெகுநேரம் கழித்துப் பச்சை.

"லச்சுமி, இன்னும் கொஞ்சந்தான். தூங்கிறாத."

அவள் நாக்கு எதையோ உருட்டியது. காதை அவள் வாயருகே கொண்டுபோனான்.

"இனி... நீங்க ஊதுங்க."

அதன் பிறகு அவள் பேசவில்லை.

ரோட்டில் வேறு வண்டி இல்லை. கண்ணாடியில் பின்னால் எந்த வெளிச்சமும் வரவில்லை. ஒரு டீக்கடையின் தட்டி மூடிக் கிடந்தது. இறங்கி அடித்து அடித்துக் கூப்பிட்டான். உள்ளே ஆள் இல்லை. திரும்பி ஓடிவந்தபோது அவள் தலை கதவுப் பக்கம் சரிந்திருந்தது. தொண்டையில் சளி கரகரக்கும் ஓசை. இரண்டு ஓசைகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி.

அடுத்த கூவல் வந்தபோது குழாயை அவள் வாயில் பொருத்தி, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்தினான். துருத்தியை அழுத்துவதுபோல. மூச்சு வந்தது. போதவில்லை. இன்னும் பலமாக அழுத்தினான். கைக்கு அடியில் ஏதோ முறிந்தது. பச்சை.

காரமடைக்கு முன்னால், இருபக்கமும் சோளக்காடு இருக்கும் இடத்தில், பெட்டி மறுபடி கூவியது.

அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. விட்டு அழுத்தினான். நெஞ்சு தானாக எழவே இல்லை. கூவல் உயர்ந்தது. இன்ஜின் உதறி அணைந்தது. மழைச் சத்தம் மட்டும்.

இனி நீங்க ஊதுங்க.

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயில் வாய் வைத்து ஊதினான். நெஞ்சு எழுந்தது. எழுகிறது. மறுபடி ஊதினான். மறுபடி. நிறைந்த நெஞ்சோடு அவள் வாயில் குழாயைச் செருகி அழுத்தினான். சீட்டி ஒலித்தது.

சிவப்பு.

அவன் மூச்சுதான். அவளுக்குள் போய்வந்த அவன் மூச்சு. பெட்டி 'டக்'கென்று பூட்டிக்கொண்டது.

குனிந்து அவள் முகத்தருகே போனான். அவள் வாயிலிருந்து பிராந்தி வாடை வந்தது. எந்த வாடைக்குப் பயந்து தரையில் போய்ப் படுத்தாளோ அந்த வாடை.

கத்தினான். பெட்டியைக் காலால் உதைத்தான். ரோட்டில் இறங்கி இரண்டு பக்கமும் ஓடினான். யாரும் இல்லை. திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கை மழைத்தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பூட்டு விடும் சத்தம் கேட்டது. பெட்டி கூவியது.

அவன் அசையவில்லை. ஊத யாரும் இல்லை.

சீட்டி ஒலித்தது.

குழாய் அவள் வாயில்தான் இருந்தது. மெல்லிய, சீரான சீட்டி. பச்சை.

"லச்சுமி." அழுகையும் சிரிப்புமாக வந்தது அவனுக்கு. "ஊது கண்ணு. ஊது. அப்படித்தான்."

சாவியைத் திருப்பினான். காரமடை போனது, ரயில்வே கேட் திறந்தே இருந்தது, விரட்டினான். சீட்டி ஒலித்துக்கொண்டே இருந்தது. பெட்டி கூவவே இல்லை. கேட்பதற்கு முன்பே பதில் வந்துகொண்டிருந்தது. அவன் அவளோடு பேசிக்கொண்டே ஓட்டினான். மகளைப் பற்றி. இனிமேல் தொடமாட்டேன் என்பதைப் பற்றி. பேச்சுக்கு நடுவே, மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அது உறைத்தது.

அவள் மூச்சு வாங்கவில்லை.

சோளக்காட்டிலிருந்து இதுவரை ஒரே மூச்சு. வெளியே மட்டும். நடுவில் ஒரு இழுப்பு இல்லை. நெஞ்சு அசையவில்லை. சீட்டி மட்டும்.

மேட்டுப்பாளையம். ஆஸ்பத்திரி வாசலில் ஜெனரேட்டர் விளக்கு. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தவன் ஜன்னலைத் தட்டினான்.

"வண்டிய ஆப் பண்ணுங்க. அந்தப் பக்கம் கதவத் தொறங்க."

கை சாவிக்குப் போனது. நின்றது. அணைத்தால் சீட்டி நிற்கும்.

"ஏனுங்க, காது கேக்குதுங்களா? வண்டிய ஆப் பண்ணுங்க."

கிளச்சை விட்டான். ஸ்ட்ரெச்சர் கண்ணாடியில் சிறுத்துப் போனது.

ஊட்டி ரோடு. மழை. துண்டு எங்கோ விழுந்துவிட்டது. அவன் மூச்சு அவன் பக்கத்துக் கண்ணாடியில் படிந்து படிந்து சுண்ணாம்புபோல வெளுத்துவிட்டது, எதுவும் தெரியவில்லை. அவள் பக்கம் சாய்ந்து, அவள் பக்கத்துக் கண்ணாடி வழியே பார்த்து ஓட்டினான். அங்கே துளி ஆவி இல்லை. கழுவித் துடைத்ததுபோல் இருந்த அந்தக் கண்ணாடியில் பச்சை விளக்கும், குழாயைக் கவ்வியிருந்த உதடுகளும் தெரிந்தன. அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.