சனையா மைதானத்தில் அறுந்த வலை

வெள்ளிக்கிழமை காலையில் இட்லி தொண்டையைத் தாண்டுவதற்குள் கதவைத் தட்டுகிறவன் நல்ல சேதி கொண்டுவருவதில்லை. அன்று பத்மநாபனின் அறைக்கு வந்தவர் பன்னீர்செல்வம். ஷார்ஜா தொழில்பேட்டையில், நம்மாட்கள் வாயில் சொன்னால் சனையாவில், கிரேன் ஓட்டுகிறவர். அங்கே தொழிலாளர் கேம்ப் ஆட்கள் நடத்தும் வாலிபால் டீமின் கேப்டன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவரைப் பார்த்துப் பத்மநாபனுக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

பன்னீர்செல்வம் தேடி வந்தது பத்மநாபனின் அறைத்தோழர் செய்கு அலாவுதீனை. எரிந்த கடைகளையும் நொறுங்கிய கார்களையும் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் பிழைப்பு. அவர் நிதானமாக டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

சங்கதி இதுதான். சனையாவின் மணல் மைதானத்துக்குக் கேலரி கட்ட நகராட்சி அரசுப் பணம் தர முன்வந்திருந்தது. முதல்படியாகப் புது வலையும் விளக்குகளும் வந்தாயிற்று. ஒரே நிபந்தனை, டீம் ஷார்ஜாவை விட்டுப் போகக்கூடாது. அஜ்மானில் ஒரு கம்பெனி மொத்த டீமுக்கும் விசா தருகிறேன் என்று தூண்டில் போட்டிருந்தது. ஆடுகிறவன் போய்விட்டால் கேலரி எதற்கு? இதை நேரில் பேச இன்று சாயங்காலம் நகராட்சிக் கமிட்டி வருகிறது. இன்று பார்த்து, விடியற்காலையில் எவனோ வலையை நார்நாராக அறுத்து, விளக்குக் கேபிளையும் வெட்டிவிட்டான்.

போலீஸ் பிடித்துப்போனது விமலை. டீமின் நட்சத்திரம் அவன்தான். விமல்தான் செய்தான், கண்ணால் பார்த்தேன் என்று டீம் மேனேஜர் ராஜிக் சொல்லியிருந்தார்.

"அரசாங்கப் பொருள் பாய். ஜெயில்ல போட்டு, விசாவை ரத்து பண்ணி அனுப்பிடுவாங்க. அப்புறம் அவன் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க முடியாது" என்றார் பன்னீர்செல்வம்.

மைதானத்துக்குக் காரில் போனார்கள். ஆகஸ்ட் மாதம்; காற்றே ஈரத்துணியாக ஒட்டியது. அலாவுதீன் இறங்கியதும் அப்படியே நின்று, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து மாட்டினார். அந்த மனிதருக்கு அவசரமே கிடையாது. அதற்குள் பத்மநாபன் கேபிளைத் தடவிப்பார்த்து, மணலில் ஒரு செருப்புத் தடத்தையும் கண்டுபிடித்துவிட்டார். அது பன்னீர்செல்வத்தின் செருப்பு என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போயிற்று. அஜ்மான் கம்பெனியின் ஏஜெண்ட் சுஐபுதான் அறுத்தவன் என்று அடுத்த நொடியே தீர்ப்பு எழுதினார். அலாவுதீன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ராஜிக் வந்தார். ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர், சோடாபுட்டிக் கண்ணாடி, இந்த டீமை உருவாக்கியவர். கேட்டதற்கெல்லாம் பட்டென்று பதில் சொன்னார். விடியற்காலையில் காரில் வந்தாராம். மைதானம் தோளளவு மதிலுக்குப் பின்னால் இருப்பதால் காரில் உட்கார்ந்தபடி எதுவும் தெரியாது. கதவைத் திறந்து இறங்கினார். பார்த்தால் வலைக் கம்பத்தடியில் விமல், கையில் கத்தி. கண்மூடித் திறப்பதற்குள் மதிலேறி ஓடிவிட்டான். கண்ணாடி போட்டிருந்தீர்களா என்றதற்கு, அது இல்லாவிட்டால் எதிரில் நிற்கிற பொண்டாட்டியையே தெரியாது என்றார்.

"கார்ல ஏசி?"

"ஆகஸ்ட்ல ஏசி இல்லாமயா? ஃபுல்லா ஓடுச்சு."

அலாவுதீன் தலையாட்டினார். டீம் ஆட்களையும் சுஐபையும் வரவழைக்கச் சொன்னார். எல்லாரும் கூடியதும் ஓர் ஆளைக் கம்பத்தடியில் நிறுத்திவிட்டு, காலையில் செய்தபடியே செய்துகாட்டும்படி ராஜிக்கைக் கேட்டுக்கொண்டார். ராஜிக் ஏசியைப் போட்டுக் காரில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கினார்.

"ராஜிக் காக்கா, கம்பத்தடியில யாரு?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் அலாவுதீன்.

ஏசியில் குளிர்ந்த கண்ணாடியில் வெளியே இருந்த ஈரக்காற்று பட்டு, இரண்டு வில்லைகளும் பால்போல வெளுத்திருந்தன. ராஜிக்கின் கை பழக்கத்தில் சட்டை நுனிக்குப் போய், பாதியில் நின்றது.

"இத்தனை வருஷமா இறங்குறப்பல்லாம் துடைக்கிறீங்க. துடைக்கிறோம்ங்கிறதே மறந்துபோச்சு. நீங்க சொன்ன அந்த நிமிஷத்துல உங்களுக்கு யாரும் தெரிஞ்சிருக்க முடியாது" என்றார் அலாவுதீன். "பார்க்காத ஆளைப் பேரோட சொன்னீங்கன்னா, வேற யாரையோ காப்பாத்துறீங்க. அது யாரு காக்கா?"

ராஜிக் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத்தான்" என்றார். "கல்லைப் பொறுக்கி இந்த மைதானத்தை உண்டாக்குனவன் நான். கேலரி வந்தா சர்க்கார் கோச் வருவாரு. எனக்கு அதுல உக்காந்து கைதட்டுற வேலைதான் மிச்சம். அஜ்மான்ல என்னையே கோச்சாக்குறேன்னாங்க. போகவேணாம்னு எல்லாரையும் பிடிச்சுவச்சது விமல். அவன் போயிட்டா மத்தவங்க கிளம்பிடுவாங்கன்னு நினைச்சேன்."

சுஐபு எப்போது நழுவினார் என்று யாரும் கவனிக்கவில்லை. பன்னீர்செல்வம் ராஜிக்கை அடிக்கக் கையை ஓங்கிவிட்டு, அழுதுவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலை இல்லாவிட்டால் கயிறு கட்டி ஆடிக் காட்டுவோம், கமிட்டி வரட்டும் என்று ஆட்களை விரட்டினார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் பத்மநாபன் ராஜிக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்த ஆள் பேச்சு மாறிவிட்டால் விமல் கதி என்ன? ஸ்டேஷன் வாசலில் விமலை வேறிடம் கொண்டுபோக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கார் நிற்பதற்குள் ராஜிக் கதவைத் திறந்து இறங்கினார். கண்ணாடி வெளுத்துப்போயிற்று. துடைக்கக்கூட நிற்காமல், போலீஸ்காரர் குரல் வந்த பக்கம் பார்த்து அரபியில் கத்தினார். அந்தப் பையனை விடுங்கள், அறுத்தது நான்தான் என்றார். அவர் பார்த்துக் கத்தியது ஒரு பேரீச்சை மரத்தை.

போலீஸ்காரர்கள் திகைத்து நின்றார்கள். விமல் மெல்ல நடந்து வந்தான். விலங்கு போட்ட கைகளால் ராஜிக்கின் கண்ணாடியைக் கழற்றி, தன் டீம் பனியனில் துடைத்து, மறுபடி அவர் காதில் மாட்டிவிட்டான்.

"இப்பத் தெரியுதாண்ணே? நான்தான் விமல்."