பூட்டுப் போட்ட மேகம்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆகிவிட்டால் ரூமானா ஒரு மேகத்தின் மேல் இருப்பாள். அவளுடைய உடம்பு மட்டும் புதுச்சேரியின் சாரம் பகுதியில், வெற்றிவேல் அண்ணனின் பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

அந்த விளையாட்டின் பெயர் மேகத்தீவு. அதில் சுடுவது, துரத்துவது, ஜெயிப்பது எதுவும் கிடையாது. உங்களுக்கு ஒரு மேகமும் அதன் மேல் ஒரு மரமும் கொடுப்பார்கள். பத்து விதைகள் கொடுப்பார்கள். விதையைப் போட்டால் உடனே பூ வரும். பூவைப் பிடுங்கினால் விதை மறுபடி உங்கள் கைக்கு வந்துவிடும். மேகம் பாட்டுக்கு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். கீழே கடல் தெரியும். பொறுமையாக இருந்தால் ஒரு திமிங்கிலமும் தெரியும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அதில் அமுதா இருந்தாள்.

அமுதவல்லி போன வருடம் வரை ரூமானாவின் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளியிலும் ஒரே பெஞ்சு. அவளுடைய அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள். அதிலிருந்து இந்த மேகம்தான் இரண்டு பேருக்கும் வீடு. சிவப்பு உடுப்பு போட்ட பொம்மை ரூமானா, மஞ்சள் உடுப்பு பொம்மை அமுதா. இருவரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி, மேகத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். இங்கே நாலு மணி என்றால் அங்கே பன்னிரண்டரை. கணக்குப் போட வேண்டியதில்லை. பிரான்ஸுக்குப் போன் பேச வருகிறவர்களுக்காக வெற்றிவேல் அண்ணன் சுவரில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருந்தார். ஒன்றின் கீழே 'புதுச்சேரி', மற்றதின் கீழே 'பாரிஸ்'.

போன வாரத்துக்கு முந்தின வாரம் அமுதா சொன்னாள்: "நாங்க வேற வீட்டுக்குப் போறோம். புது போன் நம்பர் அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது வினை.

ரூமானா மேகத்தில் ஏறியதும் ஒரு பெரிய அறிவிப்பு வந்து கண்ணை மறைத்தது. இனிமேல் தங்க உறுப்பினர்கள் மட்டும்தான் மற்றவர்களோடு பேசலாமாம். தங்க உறுப்பினர் ஆக மாதா மாதம் பணம் கட்ட வேண்டுமாம். பேசும் கட்டத்தின் மேல் ஒரு பூட்டுப் படம் தொங்கியது.

அதைவிட மோசம், அமுதா வரவேயில்லை. ரூமானா முழு ஒரு மணி நேரம் தன் மரத்தடியில் காத்திருந்தாள். ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அத்தாவிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பணம் எப்படிக் கட்டணுமாம்?"

"கார்டு நம்பர் கேக்குது அத்தா."

"நம்ம வீட்டுல இருக்கறது ரேஷன் கார்டுதான். அதை ஒத்துக்குவானா கேளு."

அம்மா சிரித்துவிட்டாள். ரூமானாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா மகன் நுஃமானுக்கும் அவள் வயதுதான். அவன் மறுநாள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். "அமுதா தங்க உறுப்பினர் ஆகியிருப்பா. தங்க உறுப்பினருக்குத் தனியா வானவில் எல்லாம் இருக்காம், பறக்கற குதிரை இருக்காம். அதை உட்டுட்டு உன்னோட இந்த ஓசி மேகத்துல வந்து எதுக்கு உக்காரணும்?"

அந்த வாரம் முழுக்க மழை. வகுப்பு ஜன்னல் வழியாக மேகங்களைப் பார்க்கும்போதெல்லாம், எதன் மேலாவது மஞ்சள் உடுப்பு தெரிகிறதா என்று ரூமானா தேடினாள். பறக்கும் குதிரை மேல் போகிறவளுக்குக் கீழே நிற்பவளைத் தெரியுமா என்றும் நினைத்துக்கொண்டாள்.

மறு ஞாயிறு நாலு மணிக்குக் கடைக்குள் நுழைந்ததும் வெற்றிவேல் அண்ணனிடமே சண்டைக்குப் போனாள்.

"விளையாட்டுக்குக் காசு கேக்கறது நியாயமாண்ணா?"

"அவங்களும் கடை நடத்தணுமில்ல பாப்பா. கரண்டு பில்லு வரும், ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்கணும். நான்கூட மணிக்கு இருபது ரூபா வாங்கறேன். நீ நியாயமான்னு கேட்டியா?"

ரூமானா யோசித்தாள். அது சரியாகத்தான் பட்டது.

"குதிரைக்குக் காசு வாங்கட்டும், வானவில்லுக்கு வாங்கட்டும். வேணுங்கறவங்க குடுப்பாங்க. ஆனா பேசறதுக்கு எதுக்குண்ணா? உங்க கடையில ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டா அதுக்குத் தனியா வாங்கறீங்களா?"

வெற்றிவேல் அண்ணன் தலையைச் சொறிந்தார். "இல்ல. ஆனா நல்ல யோசனை. நாளையிலிருந்து வாங்கறேன்."

"அண்ணா."

"சும்மா சொன்னேன், போய் உக்காரு."

மேகம் வந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. அமுதா இல்லை. ஆனால் ரூமானாவின் மரத்தைச் சுற்றிப் பத்து மஞ்சள் பூக்கள் பூத்திருந்தன.

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். மஞ்சள் விதை அமுதாவிடம் மட்டும்தான் உண்டு. அப்படியானால் அவள் வந்திருக்கிறாள். எப்போது?

பூவின் மேல் அம்புக்குறியை வைத்தால், நட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு சின்னக் கட்டம் காட்டும். ரூமானா வைத்துப் பார்த்தாள். ஆறு நாள், இருபத்து மூன்று மணி நேரம்.

விரல் விட்டு எண்ணினாள். இன்னும் ஒரு மணி நேரம் போனால் சரியாக ஏழு நாள். அப்படியென்றால் போன ஞாயிறு ஐந்து மணிக்கு, அவள் எழுந்து போன கையோடு அமுதா வந்திருக்கிறாள். யாரும் இல்லாத மேகத்தில் தனியாக நின்று, இருந்த விதையையெல்லாம் இந்த மரத்தைச் சுற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"அண்ணா, அமுதா நேரம் தவறவே மாட்டா. ஒரு மணி நேரம் லேட்டா ஏன் வந்தா?"

வெற்றிவேல் அண்ணன் எட்டிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயையோ. அக்டோபர் கடைசியில அங்க எல்லாரும் கடியாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பி வெப்பாங்க, குளிர்காலத்துக்கு. வருஷா வருஷம் மாத்துவேன். இந்தத் தடவை மறந்துட்டேன்."

அவர் ஸ்டூல் மேல் ஏறி, பாரிஸ் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினார். அங்கே இப்போதுதான் பதினொன்று நாற்பது. அமுதாவின் பன்னிரண்டரைக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

அதாவது ஐந்து மணி. ஐந்து மணிக்கு மூன்றாம் நம்பர் நுஃமானுக்கு. அவன் ஏற்கெனவே வந்து, பின்னால் நின்று காலை ஆட்டிக்கொண்டிருந்தான். மற்ற கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஆள் இருந்தார்கள்.

ரூமானா எழுந்தாள். "நுஃமான், என்னோட நேரத்துல இப்பவே நீ உக்காந்துக்கோ. அஞ்சு மணிக்கு எனக்குக் குடு."

"அமுதாவுக்காகவா?"

"ஆமா."

அவன் மஞ்சள் பூக்களைப் பார்த்தான். ஓசி மேகம் என்று சொன்னது நினைவுக்கு வந்ததோ என்னவோ, உடனே சரி என்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் கார் பந்தயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உலகத்தை மறந்தான்.

ரூமானா வாசலில் நின்று தூறலைப் பார்த்தாள். கார் ஓட்டுகிறவனை எழுப்ப முடியுமா என்று பயமாக இருந்தது. ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது அவன் கடைசிச் சுற்றில் இருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் கையை எடுத்துவிட்டு எழுந்தான். கார் தானாகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"பரவால்ல. எப்படியும் ஆறாவதாத்தான் வந்திருப்பேன்."

மேகம் திறந்தது. மரத்தடியில் மஞ்சள் உடுப்புப் பொம்மை நின்றுகொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் தங்க நட்சத்திரம் எதுவும் இல்லை. பக்கத்தில் குதிரையும் இல்லை. ரூமானாவைக் கண்டதும் குதித்தது, மறுபடி குதித்தது, நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தது. ரூமானாவின் பொம்மையும் குதித்தது. பார்த்துக்கொண்டிருந்த நுஃமானுக்கே காலில் துறுதுறுப்பு வந்துவிட்டது.

குதித்து முடித்த பிறகு இருவரும் பூட்டைப் பார்த்தார்கள். பேச முடியாது. ஆனால் கையில் விதை இருந்தது.

ரூமானா தன் சிவப்புப் பூக்களை ஒரே நேர்க்கோட்டில் நட்டாள். ஒன்று. பிடுங்கினாள். வளைத்து நட்டாள். இரண்டு. பிடுங்கினாள். அடுத்து மூன்று. பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் இடத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மஞ்சள் பொம்மை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. திடீரென்று ஓடிப்போய் மரத்தடிப் பூக்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தது. பத்து விதைகளையும் வட்டமாக நட்டது.

"பூஜ்யம்," என்று நுஃமான் படித்தான். "எழுதிக்கோ, எழுதிக்கோ."

வெற்றிவேல் அண்ணனின் பேனாவை வாங்கி ரூமானா உள்ளங்கையில் எழுதினாள். பூக்கள் மறைந்தன, மறுபடி பூத்தன. ஒன்று. நாலு. அடுத்தது வந்தபோது நுஃமான் முழித்தான்.

"இது என்னாது? ஏழு மாதிரியும் இருக்கு, நடுவுல பெல்ட்டு கட்டியிருக்கு."

"ஏழுதான்டா," என்றார் வெற்றிவேல் அண்ணன். "பிரான்ஸ்ல ஏழு அப்படித்தான் பெல்ட்டு கட்டும்."

பத்தாவது எண்ணும் வந்து முடிந்தது. ரூமானாவின் உள்ளங்கையில் இடமே இல்லை.

"குடு, நம்பரைப் போடறேன்," என்று வெற்றிவேல் அண்ணன் போன் பக்கம் போனார்.

"அம்மா வீட்டுக்கு வரச் சொன்ன நேரத்துக்கு இன்னும் கால் மணி இருக்குண்ணா. கடைசியில பேசிக்கறேன்."

"அடிப்பாவி. பேசணும் பேசணும்னு இவ்வளவு பாடுபட்டுட்டு, இப்போ சும்மா உக்காரப் போறியா?"

"ஆமாண்ணா."

சிவப்புப் பொம்மை நடந்துபோய் மேகத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தது. மஞ்சள் பொம்மையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நுஃமான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். மேகம் மெல்ல நகர, மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் திமிங்கிலத்துக்காகக் காத்திருந்தார்கள்.