பேரச் சொல்லு

முன்னால் போகும் கணவன் ஆத்மநாதனின் செருப்புச் சத்தம் நின்றுவிட்டதைச் செங்கமலம் கவனித்தாள். ஆனால் அவன் நடந்துகொண்டுதான் இருந்தான்.

அவன் தோளில் அவர்கள் மகள், இரண்டு வயது செவந்தி, சிவப்புப் பாவாடையோடு தூங்கிப்போயிருந்தாள். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, பொழுது சாய்ந்தால் அந்தச் சாலையில் உலாவ யாரும் வருவதில்லை. இரு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் இலைகளை மூடிக்கொண்டு நிற்க, மரத்துக்கு மரம் நடுவே பழைய ராஜாக்களின் நினைவுத் தூண்கள் பகல் வெயிலின் சூட்டை மெல்ல விட்டுக்கொண்டிருக்க, உதிர்ந்து அழுகிய பூக்களின் இனித்த வாசனை அவள் தொண்டைவரை வந்து படிந்தது. மனைவி பத்தடி பின்னால்தான் வரவேண்டும் என்பது அவன் ஏற்பாடு. அந்தப் பத்தடிக்குள்தான் அவளுடைய கல்யாண வாழ்க்கை முழுவதும் நடந்திருந்தது.

அவன் ஒரு தூணுக்குப் பின்னால் திரும்பினான். வெளியே வரவில்லை.

இது அவனுடைய விளையாட்டு. அவள் பயப்படுவதைப் பார்ப்பதில் அவனுக்கொரு ருசி.

"ஏங்க..."

"பேரச் சொல்லிக் கூப்புடு, வாரேன்."

"வெளயாடாதீங்க. புள்ளைக்குப் பனி ஒத்துக்காது."

"அரிமளத்துக் கழுதைக்கு நாக்கு இல்லையாக்கும்? சொன்னாத்தான் புள்ள." அவள் பிறந்த ஊரைச் சொல்லித்தான் எப்போதும் ஏசுவான்.

தூணைச் சுற்றி ஓடினாள். யாரும் இல்லை.

"இங்கிட்டு," என்றது எதிர்ப்பக்கத் தூண்.

"அங்கிட்டு எங்க போற?" முதுகுக்குப் பின்னால்.

அதே குரல். அதே சிரிப்பு. ஒரே நேரத்தில்.

பெயரைச் சொன்னால் புருஷனின் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். குறையட்டுமே என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பில் இருந்த இதம் அவளையே திடுக்கிட வைத்தது.

எங்கோ செவந்தி விழித்து வீறிட்டாள்.

"ஆத்மநாதன்!"

அழுகை நின்றது.

தூணுக்குத் தூண் ஒருவன் வெளியே வந்தான். சாலை முடியும்வரை. எல்லோரும் ஆத்மநாதன். எல்லோர் தோளிலும் ஒரு சிவப்புப் பாவாடை. எண்ணெய் மினுங்கும் ஒரு சின்னத் தலை.

"வாங்கிக்க ஒம் புள்ளைய," என்றார்கள்.

பக்கத்தில் இருந்த குழந்தை கைகளை நீட்டியது. பிடுங்கி அணைத்துக்கொண்டாள். உடம்புச் சூடு. பால் வாசனை. என் புள்ள. என் புள்ளதான்.

அப்போது மற்றத் தோள்களில் இருந்த குழந்தைகள் எல்லாம் அவளைப் பார்த்து அழத் தொடங்கின.

"ஆத்தா... தூக்கு... ஆத்தா..."

அவள் மார்போடு இருந்தது மட்டும் அழவில்லை.