நீலப் பென்சில் திருத்தம்

போலீஸ்காரர்களைத் திட்டியே நியூயார்க்கில் பேர் வாங்கியவர் கிளைட் வார்னம். அவர் கதைகளில் வரும் இன்ஸ்பெக்டர்கள் ஒன்று லஞ்சப் பேர்வழிகள், இல்லையென்றால் வடிகட்டின முட்டாள்கள். 1936 மார்ச்சில் ஒரு மத்தியானம் அதே போலீஸ்காரர்கள் அவரைத் தரதரவென்று இழுத்து வந்து, அவர் எழுதும் பத்திரிகையின் அலுவலகத்திலேயே உட்கார வைத்தார்கள்.

அன்று பதினொரு மணிக்கு ஆசிரியர் கெல்லரை அவர் அறையிலேயே யாரோ சுட்டுக் கொன்றிருந்தார்கள். பிணத்தின் முகத்தை ஒரு சாம்பல் நிறத் தொப்பி மூடியிருந்தது. கதையைக் கண்டபடி வெட்டுகிறார் என்று வார்னம் முந்தின நாள்தான் கெல்லரிடம் கத்தித் தீர்த்திருந்தார்.

"கொலை நடந்த விதம் அப்படியே இவரோட புதுக் கதை சார்," என்று ஒரு தாளை நீட்டினார் உதவி ஆசிரியர் லாரிமர். "இன்னும் அச்சுக்கே போகல. படிச்சது கெல்லரும் நானும்தான்."

"விலங்கை மாட்டிடட்டுமா சார்?" சார்ஜெண்ட் டூலிக்குக் கை பரபரத்தது.

"பொறுய்யா." இன்ஸ்பெக்டர் கிராடி அந்தக் கதைத் தாளை நிதானமாகப் படித்தார். "'முகத்தைத் தொப்பியால் மூடிவிட்டு அவன் வெளியேறினான்.' பிரமாதம், எழுத்தாளரே."

தலை போகிற நேரம் என்பதே வார்னமுக்கு மறந்துவிட்டது. "தொப்பியா? செய்தித்தாள்னுதானே எழுதினேன்! மறுபடியும் கை வச்சிட்டானா அந்தக் கெல்லர்?"

கிராடி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கெல்லர் திருத்திய நீலப் பென்சில் கோட்டுக்கு அடியில் 'செய்தித்தாள்' தெரிந்தது. "எப்ப திருத்தினார்?"

"இன்னிக்குப் பத்து மணிக்கு, என் கண்ணு முன்னாடிதான்," என்றார் லாரிமர், வார்னமைக் குத்திக்காட்டும் சந்தோஷத்தில். "செய்தித்தாள் சப்புன்னு இருக்குன்னு சிரிச்சார்."

"அப்புறம் தாள் எங்க இருந்தது?"

"என் மேஜையில பூட்டி வச்சேன். சாவி என்கிட்ட..." லாரிமர் சட்டென்று நிறுத்தினார்.

"இவர் சுட்டிருந்தா பிணத்து மேல செய்தித்தாள்தான் கிடந்திருக்கும்," என்றார் கிராடி. "தொப்பின்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் செத்துட்டார்."

லாரிமரின் முகம் வெளிறியது. "ஏழு வருஷமா இவன் எழுத்துக் குப்பையைக் கூட்டினேன்! என் கதை ஒண்ணைக்கூட அந்தக் கிழவன் போடல. ரெண்டு பேரும் ஒழியட்டும்னுதான் பண்ணினேன்!"

டூலி விலங்கை அவருக்கு மாட்டினார். வார்னம் எழுந்து ஏதோ முனகினார்.

"நன்றியெல்லாம் வேண்டாம்," என்றார் கிராடி. "உங்களை மின்சார நாற்காலியில பார்க்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? உங்க கதையில வர்ற போலீஸ்காரனா இருந்தா, இந்தத் தாளை இந்நேரம் கிழிச்சுப் போட்டிருப்பான்."

வெட்கம் பிடுங்கித் தின்ன, வார்னம் வெளியேறினார்.